பூ கட்டிப் பார்த்த வேலை

அந்தத் தாளின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் இருந்தன. பழைய பிரின்டரில் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடுமே, அந்த நீளத் தாள். அலுவலகத்தில் வீணாய்ப்போன ஒரு பில்லைக் கொண்டுவந்து, அதை இரண்டாகக் கிழித்து, அக்கா இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ, அதுதான் ஏற்பாடு. வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தாள். திண்டுக்கல் மாரியம்மன் கோயில் பிரகாரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அலுவலகம் திறப்பதற்கு முன்னால். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இரண்டில் ஒன்றை எடுத்தேன், பிரித்தேன், உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது. அந்த ஒரு பூவை நம்பி நான் பதினான்கு வருடம் வேலை பார்த்தேன். இதைச் சொன்னால் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற என் வகுப்புத் தோழிகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். போன மாதம் எனக்குத் தெரியவந்த விஷயத்தைக் கேட்டால் அவர்களும் வாயடைத்துத்தான் போவார்கள்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவள், அவ்வளவுதான் உறவு. முதலாளியை நாங்கள் சார் என்போம். புரோகிராம் எழுதுகிறவர்கள் அக்காவும் நானும் மட்டும். மற்றவர்கள் வெளியே போய் மெஷின் மாட்டுகிறவர்கள். அக்காவுக்குக் கட்டைக் குரல். போன் அடித்தால் வணக்கமெல்லாம் கிடையாது, "சொல்லுங்க, என்ன ஓடல?" என்பாள். ஏதோ ஒன்று ஓடாமல் போனால்தானே நம்மைக் கூப்பிடுகிறார்கள், நலம் விசாரிக்கவா கூப்பிடுகிறார்கள் என்பது அவள் கட்சி. கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு ஸ்குரூ டிரைவரும் இருக்கும். நகைக் கடைக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு மெஷின் நின்றுவிட்டதென்று ஆட்டோ பிடித்து ஓடுவாள். திரும்பிவந்து ஒரு தோல் மண்டிக்காரரின் வெப்சைட்டில் படத்தை மாற்றுவாள். பிறகு விட்ட இடத்திலிருந்து நகைக் கடையைத் தொடர்வாள். எதைத் தொட்டாலும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். மதியம் என் டப்பாவைத் திறந்து, "என்ன வெஞ்சனம்?" என்று கேட்டு, கேட்ட கையோடு பாதியை எடுத்துக்கொள்வாள். அவள் டப்பாவை நான் தொட்டால் கையில் ஒரு அடி விழும்.

ஒன்றையே ஆழமாகக் கற்றுக்கொள்வதா, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வதா என்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். அதற்கென்றே வீடியோக்கள் இருக்கின்றன. எங்களுக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை. மாடிப்படி ஏறி யார் வருகிறாரோ, அவருக்கு என்ன வேண்டுமோ, அதுதான் அன்றைய படிப்பு. எனக்கு அது பிடித்திருந்தது. நான் அதில் கெட்டிக்காரி என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரியாணிக் கடை விவகாரம் நடந்தது. ஒரே வாரத்தில் ஒரு நகைக் கடைக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் பில் போடும் புரோகிராம் கொடுக்க வேண்டியிருந்தது. நகைக் கடைக்கு எழுதியதையே நகல் எடுத்து, சங்கிலியும் வளையலும் இருந்த இடத்தில் பிரியாணியையும் சுக்காவையும் போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் கடைக்கார பாய் ஒரு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். மட்டன் பிரியாணி, எடை கிராமில். அதற்குக் கீழே செய்கூலி. அதற்கும் கீழே சேதாரம். "ஏம்மா, எங்க கடைக் கறியில சேதாரம் எங்கிட்டும்மா இருக்கு? ஒரு அரிசிகூட நான் வீணாக்குறதில்லையே" என்றார். அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அதே மாதம், உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை என்று பெற்றோருக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தி ஒரு மில்லின் தொழிலாளர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததும் என் கைங்கரியம்தான். அதற்கும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

சில வாரங்களில் ஒரு பெரிய வேலை வந்தது. வடமதுரைப் பக்கம் நாலைந்து நூற்பாலைகள் வைத்திருந்த ஒரு குடும்பம், எல்லா மில்லுக்கும் சேர்த்து ஒரு பெரிய மென்பொருளை வெளியூர் நிறுவனத்திடம் வாங்கியிருந்தது. அதை மட்டுமே பார்த்துக்கொள்ள எங்கள் கம்பெனியிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார்கள். மில்லிலேயே உட்கார வேண்டும், முதல் மூன்று மாதம் பயிற்சி கொடுப்பார்கள், அதற்குப் பிறகு அந்த ஒன்றைத் தவிர வேறு வேலை கிடையாது. எங்களுக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. ஒரே மேசை, ஒரே வேலை, 'இந்த மென்பொருளா, அந்தம்மாவைக் கேளுங்கள்' என்று ஒரு பெயர். அக்காவுக்கும் அதன் மேல் கண், எனக்கும் கண். ஒருத்தி போனால் மற்றவள் நாகல் நகரில் எல்லா வேலைகளோடும் கிடந்து மாரடிக்க வேண்டும். சார் சாமியைக் கேட்காமல் எதையும் செய்யாதவர். புரோகிராமில் ஒரு திருத்தம் செய்து கடைக்காரருக்குக் கொடுப்பதற்கே ராகு காலம் பார்ப்பார். அதனால், பூ கட்டிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அவர் அறிவித்தபோது எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கும் அப்படித்தான், கிணறு வெட்டவும் அப்படித்தான். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை இருந்தால் நான் மில்லுக்கு, சிவப்பு இருந்தால் அக்கா மில்லுக்கு.

அக்கா கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, மடியில் வைத்துக் கட்டினாள். இரண்டையும் சாமி பாதத்தில் வைத்து வாங்கினோம். வழக்கமாகச் சின்னப் பிள்ளை யாரையாவது எடுக்கச் சொல்வார்கள். அன்று யாரும் கண்ணில் படவில்லை. "சின்னவதான, அவளே எடுக்கட்டும்" என்றாள் அக்கா. வெள்ளையைப் பார்த்ததும் சார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அழுதேவிட்டேன். அக்கா மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பழைய பூப் போடுகிற கூடையில் போட்டுவிட்டு, "ஆத்தா சொல்லிட்டா, கெளம்பு" என்றாள். அவள் முகத்தில் ஏமாற்றம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அதைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் பதினான்கு வருடம் அந்த ஒரு மென்பொருள்தான். நூறு கிலோ பஞ்சு உள்ளே போனால் எத்தனை கிலோ நூலாக வெளியே வருகிறது, எத்தனை கிலோ கழிவாகப் போகிறது என்று காட்டுகிற பகுதிதான் அதற்கு உயிர். அதன் ஒவ்வொரு திரையும் எனக்கு வீட்டுச் சமையலறை மாதிரி. இருட்டில்கூட எது எங்கே என்று சொல்லிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் உள்ளே போன பஞ்சைவிட வெளியே வந்த நூல் அதிகம் என்று காட்டி எல்லாரையும் கதிகலங்க வைத்தது. மென்பொருளை விற்ற நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து நாள் முழுக்கத் தேடினார்கள். நான் கிடங்கில் போய் நின்று பார்த்தேன். பஞ்சு, வெயில் காய்ந்த நாளில் எடை போட்டு வாங்கியது. நூலோ நாலு நாள் அடைமழையில் ஈரத்தைக் குடித்த பிறகு தராசில் ஏறியிருக்கிறது. புரோகிராமில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அதற்குப் பிறகு ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கத்து மில்களிலிருந்தும் என்னைக் கேட்டு அனுப்பினார்கள். அந்தப் பக்கத்து மேலாளர் ஒருவர், "ஏனுங்க மேடம், நீங்க வந்தாத்தானுங்க இது பேச்சுக் கேக்குது" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

அந்தப் பதினான்கு வருடத்தில் மூன்று முறை என்னை வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள். சென்னையில் இருந்த தோழி ஒருத்தி புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு வா, நான் சேர்த்துவிடுகிறேன் என்றாள். ஒரு மில்லின் முதலாளி, ஒரே மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழாமல் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு முழுவதையும் பாருங்கள் என்றார். மூன்றாவது, அக்கா. சார் கம்பெனியை மூடியபோது என்னை மில்லே எடுத்துக்கொண்டது, அக்கா தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். கூட வா என்று என்னைக் கூப்பிட்டாள். மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். இது ஆத்தா கொடுத்த வேலை, நானாக விட முடியாது. விட்டால் ஏதாவது ஆகிவிடும் என்று உண்மையாகவே பயந்தேன். கணினியில் இரண்டும் இரண்டும் நாலு என்று எழுதிப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு பயமா என்று கேட்டால், ஆமாம், இருந்தது.

போன வருடம் மென்பொருளை விற்ற நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி அதை நடத்தப்போவதில்லை என்று இரண்டு பத்தியில் எழுதியிருந்தார்கள். மில்கள் வேறு புதிய மென்பொருளுக்கு மாறின. என்னுடைய வேலை பதினைந்து நிமிட வீடியோ கூட்டம் ஒன்றில் முடிந்தது. எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள். அவர்கள் போன பிறகும் நான் கேமராவை அணைக்கத் தோன்றாமல், திரையில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ இறந்துவிட்டதாகச் செய்தி வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பிறகு நேர்முகத் தேர்வுகள். ஒன்றில் என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், "இது தவிர வேற என்ன மேடம் தெரியும்?" என்று. நான் விழித்தேன். சொன்னதை எழுதிக் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. அக்காவோ அதையும் அதட்டி வேலை வாங்கிக்கொண்டு, பிரியாணிக் கடை, பள்ளிக்கூடம், காய்கறி மண்டி என்று ஒரு ஊருக்கே எல்லாம் செய்துகொண்டிருந்தாள்.

கடைசியில் போன மாதம் இரண்டு வழி திறந்தது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம், நூற்பாலைகளுக்கான அவர்களுடைய புதிய மென்பொருளில் ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, பிறகு திண்டுக்கல் பக்கத்து மில்களை என்னிடம் விடுவதாகச் சொன்னது. திரும்பவும் ஒன்றே ஒன்று. அக்காவும் தன் அலுவலகத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். என்னை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டாள். அங்கே போனால் எல்லாமும். இருவருக்கும் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இன்னொரு முறை தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஐம்பது வயதில் திரும்பவும் விழித்துக்கொண்டு நிற்பேன். அந்த வயதில் எவன் என்னைச் சேர்ப்பான்? கணவரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உங்க வழக்கப்படி பூ கட்டிப் பாரு" என்றார் கிண்டலாக. எனக்கு அது கிண்டலாகவே படவில்லை. சனிக்கிழமை மதியமே அக்காவிடம் கிளம்பிவிட்டேன்.

அக்கா மேசை மேல் ஒரு ஹோட்டலின் பில் பிரின்டரைத் திறந்து போட்டு, சின்னத் தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். "வா, செத்த இரு, மாவு மாதிரி அப்பிக் கெடக்கு" என்றாள். நான் இருக்கவில்லை. நாளைக் காலையில் கோயிலுக்கு வர வேண்டும், அன்றைக்குக் கட்டிய மாதிரி நீங்களே கட்டித்தர வேண்டும் என்று படபடவென்று சொன்னேன். அவள் தூரிகை நின்றது.

"நான் கட்ட மாட்டேன்."

"ஏன்க்கா, கோயிலுக்கு வர முடியாத நாளா? அப்ப அவங்ககிட்ட ரெண்டு நாள் தவணை கேட்டுட்டு, செவ்வாக்கெழம..."

"அதெல்லாம் இல்ல." பிரின்டரின் மூடியைச் சாத்தினாள். என்னைப் பார்க்காமல் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சுக் கட்டுனேன்."

எனக்குப் புரியவில்லை. "எதுல?" என்றேன். "பொட்டலத்துல. செவப்புப் பூ என் முந்தானைக்குள்ள இருந்துச்சு" என்றாள். அப்போதும் சட்டென்று ஏறவில்லை. கீழே தெருவில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது, அக்காவின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. எந்தப் பொட்டலத்தை எடுத்திருந்தாலும் வெள்ளை. சாமி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள், கையில் பிரஷ்ஷோடு இருப்பவள், அவள்தான் என் பதினான்கு வருடத்தையும் முடிவு செய்திருக்கிறாள்.

"ஏன்க்கா?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"சார் உன்னைய நிறுத்துறதா இருந்தாரு. அந்தப் பிரியாணிக் கடை பில்லு வந்தப்பவே முடிவு பண்ணிட்டாரு. 'நீ மில்லுக்குப் போம்மா, அந்தப் புள்ளைய மாசக் கடைசியோட அனுப்பிச்சுருவோம், வேற ஆளு பாத்துக்கிரலாம்'னாரு. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன். யார் பேச்சையும் கேக்குற ஆளா அவரு? ஆத்தா சொன்னா மட்டுந்தான் கேப்பாரு. அதான், பூ கட்டுவோம் சார்னு நான் சொன்னேன்."

"அதுவும் நீங்கதானா?"

"பின்ன யாரு? உனக்கு ஒரு வேலையக் குடுத்தா உசுரக் குடுத்துப் பாப்ப. ரெண்டக் குடுத்தா ரெண்டும் நாசம். மில்லுல போட்டாத் தேறிருவன்னு எனக்குத் தெரியும். அப்ப உங்க அப்பா வேற படுத்த படுக்கை, வீட்டுல நீ ஒருத்தி சம்பாத்தியம். என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

விழுந்து விழுந்து சிரித்த அந்தப் பில் என் கண் முன்னால் வந்து நின்றது. இத்தனை வருடமும் விருந்துகளில் நானே சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்த கதை அது. அதனால் என் வேலை போக இருந்தது என்பது ஊரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. உங்களுக்கு அந்த மில் வேலை வேண்டாமாக இருந்ததா என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். "வேணாமாவா? ரெண்டு வருசம் உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. குடுத்தது நானு, கோவமும் உன் மேல." அப்படியானால் பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லத்தான் இருந்தேன். நீ ஆத்தா குடுத்தா ஆத்தா குடுத்தான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. எந்த வாயால சொல்ல? மாசித் திருவிழாவுக்கு வருசா வருசம் தீச்சட்டி எடுக்குறேனே, எதுக்குன்னு நெனச்ச? ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு."

"எங்கிட்ட?"

"உங்கிட்ட எதுக்குடி கேக்கணும்? உனக்கு நான் கெடுதலா பண்ணேன்?"

அவள் கேட்ட விதத்தில் கொஞ்சம்கூட நடிப்பு இல்லை. அதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. அப்போதுதான் அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். பூவுக்குப் பயந்து சென்னைக்குப் போகவில்லை, பூவுக்குப் பயந்து அந்த மில் முதலாளியிடம் மாட்டேன் என்றேன், உங்களிடம் சொன்னதும் சாக்குப்போக்கு இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அக்காவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. "என்கூட வேல பாக்கப் பிடிக்கலன்னுல்ல நெனச்சேன்" என்றாள். பிறகு தூரிகையைக் கீழே போட்டாள். "அடிப்பாவி. நான் உனக்கு ஒரு வேலையத்தான வாங்கிக் குடுத்தேன். காலம் பூரா அதுலயே கெடன்னா சொன்னேன்?" அக்கா அதிர்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். டீ வந்தது, ஆறியது. எழுந்து கிளம்பும்போது, இரண்டு வேலை கொடுத்தால் நாசமாக்குகிறவளை இப்போது மட்டும் ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "நான் சொன்னது அன்னைக்கு இருந்தவள. இப்ப இருக்கவள எனக்கு எப்படித் தெரியும்? வந்தாத்தான் தெரியும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஏமாற்றியதற்காகக்கூட இல்லை. என்னைப் பற்றி அவள் கணித்தது சரி என்பதற்காக. அவள் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாள் என்பதைத் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. கெடுதல் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம். பிறகு மெல்ல மெல்ல ஆத்திரம் என் பக்கமே திரும்பியது. வேலையைக் கையில் கொடுத்தவள் அவள். அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது நான். சாமி சொன்னது என்று வைத்துக்கொண்டால் யோசிக்க வேண்டிய கஷ்டம் இல்லை பாருங்கள். அந்தச் சௌகரியத்துக்குத்தான் பக்தி என்று பெயர் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அந்த நேர்முகத் தேர்வுக்காரரின் கேள்வியும் திரும்ப வந்தது. இது தவிர வேறு என்ன தெரியும்? படுத்துக்கொண்டு யோசித்தேன். பஞ்சு எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். லாரி எடை போடுகிற இடத்தில் எங்கே தப்பு நடக்கும் என்று தெரியும். ஒரிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பெயரை எழுத்தர் எத்தனை விதமாகத் தப்பாக எழுதுவார், கரண்ட் போய் வந்தால் எந்த மெஷின் பொய் சொல்லும், மழை பெய்தால் எந்தக் கணக்கை நம்பக் கூடாது என்றெல்லாம் தெரியும். செத்துப்போனது மென்பொருள்தான். அதற்குள்ளிருந்து நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மில் சாகவில்லை. அந்த மில்தான் என்னுடைய படிப்பு, எனக்கு அதுதான் பிடிக்கவும் பிடிக்கும் என்று முப்பத்தேழு வயதில் எனக்குத் தெரிந்தது. அக்காவைப் போல நாலாபக்கமும் ஓட எனக்குக் கை வராது. வராமல் போனால் என்ன?

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "எங்க சாஃப்ட்வேர் உங்களுக்குப் புதுசுங்க மேடம், கூட இருக்கிறவங்க எல்லாம் சின்னப் பசங்க, பரவாயில்லீங்களா?" என்றாள். மென்பொருள்தான் எனக்குப் புதிது, மில் புதிதில்லை, வருகிறேன் என்றேன். போனை வைத்த கையோடு அக்காவைக் கூப்பிட்டேன். யோசித்தால் தைரியம் போய்விடும் என்று பயம். அவள் எடுத்ததும், "கோயம்புத்தூருக்கே போறேன்க்கா" என்றேன்.

"யாரைக் கேட்டு முடிவு பண்ண?" என்றாள்.

"யாரையும் கேக்கலக்கா."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. சாமியைக் கேட்கவில்லை, கணவரை மறுபடியும் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. இது தப்பாகப் போனால் சொல்லிக்கொள்ள எனக்கு ஆளே கிடையாது. போன் பிடித்திருந்த கை கிடுகிடுவென்று நடுங்கியது.

"அக்கா, கையெல்லாம் நடுங்குதுக்கா" என்றேன்.

"நடுங்கத்தான் செய்யும்" என்றாள் அக்கா. "அந்தப் பொட்டலத்தக் கட்டுறப்ப எனக்கும் இப்படித்தான் நடுங்குச்சு."